காற்றில் இரண்டு வெட்டு

மூன்று முறை முடியை வெட்டினால் இரண்டு முறை காற்றை வெட்டுவார். கத்தரி தலையை விட்டு விலகி, காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்று, கிறிச் கிறிச் என்று சும்மா வாயைத் திறந்து மூடும். பிறகு மறுபடி முடிக்குள் இறங்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "கத்தரி சூடு ஆறணும்ல, சிஸ்டர்மா" என்றார். முடி வெட்டுவதால் கத்தரி சூடாகாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முப்பது வருடமாகக் கை அப்படிப் பழகிவிட்டது.

எங்கள் தெருமுனைச் சலூன்காரரைப் பற்றிச் சொல்கிறேன். கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில்தான் வேலை நடக்கும். மற்றதில் யாராவது உட்கார்ந்தால் உஸ்ஸென்று மூச்சுவிட்டபடி அது மெதுவாகக் கீழே இறங்கிவிடும். அதனால் அதைக் காத்திருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, அதன் முதுகில் ஒரு மரக்கிளையைக் கட்டி, அங்கே தன்னுடைய கிளியை உட்கார வைத்திருக்கிறார். சாம்பல் நிறக் கிளி, வால் மட்டும் சிவப்பு. பெயர் மேனேஜர்.

ஆண்கள் சலூனில் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். நாற்பது வருடம் நர்ஸாக நோயாளிகளின் வீட்டோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொண்டவள் நான். நீளமான முடி அந்த வேலைக்கு ஆகாது. அப்போது ஒட்ட வெட்டியது அப்படியே நின்றுவிட்டது. பெண்களுக்கான கடைக்குப் போனால் முகத்துக்கு ஒன்று, நகத்துக்கு ஒன்று என்று இல்லாத குறையெல்லாம் கண்டுபிடிப்பார்கள். இவர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை மாலை, கூட்டம் இல்லாத நேரத்தில் போய் உட்காருவேன். "அதேதானா?" என்பார். "அதேதான்" என்பேன். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

சலூன்காரர்கள் எல்லோரும் வாயாடிகள் என்று நினைப்பவர்கள் இவரை வந்து பார்க்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். பேச்செல்லாம் மேனேஜர் பொறுப்பு. கதவு திறந்தால் "வாங்க வாங்க" என்று அது சொல்லும். ஒருவர் எழுந்ததும் "அடுத்தது யாரு?" என்று கேட்கும். பிடரியில் வேலை செய்யும் நேரம் அதற்கு எப்படித் தெரியுமோ, சரியாக அப்போது "குனிங்க" என்று அதட்டும். புதிதாக வந்தவர்கள் சட்டென்று குனிந்துவிடுவார்கள். கத்தரியின் அந்தக் கிறிச் கிறிச்சையும் அப்படியே உரித்து வைத்திருந்தது. தபால்காரர் ஒருமுறை சொன்னார்: "இந்தக் கடையில கிளிதான் முதலாளி. அண்ணன் சம்பளத்துக்கு இருக்காரு."

இன்னொரு குணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். இவர் கண்ணுக்குப் பிசிறு ஆகாது. சட்டைக் காலரில் நூல் தொங்கினால் கேட்காமலே நறுக்கிவிடுவார். துண்டின் ஓரம், நாட்காட்டியின் மடங்கிய மூலை, கால்மிதியடியின் நார் என எதையும் விட்டுவைத்ததில்லை. என் கைப்பையின் வாரில் ஒரு இழை பிரிந்திருந்தது. நான் சில்லறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அது போய்விட்டது. "பிசிறு இருந்தா கண்ணு அங்கயே போவுது, சிஸ்டர்மா. தூங்க விடாது" என்பார். அவர் மனைவி அச்சகத்தில் நோட்டுப் புத்தகங்கள் தைக்கிறவர். "நல்லவேளை, எங்க வீட்டுல யாருக்கும் புருவம் அடர்த்தி இல்ல" என்பார் அந்த அம்மாள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் கடையைப் பெருக்கும்போது முடிக்குவியலில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு தெரிந்திருக்கிறது. கடைசியாக வந்த பெரியவரின் முடி என்று நினைத்துத் தள்ளிவிட்டார். மறுநாளும் இருந்தது. அன்று பெரியவர் யாரும் வரவில்லை. குனிந்து விரலில் எடுத்துப் பார்த்திருக்கிறார். இறகு.

அடுத்த முறை நான் போனபோது மேனேஜரின் நெஞ்சில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் தெரிந்தது. அதற்கடுத்த முறை உள்ளங்கை அளவு. தலை மட்டும் முழுசாக, கழுத்துக்குக் கீழே உரித்துப் பாதியில் விட்டது மாதிரி இருந்தது. அலகை நெஞ்சுக்குள் விட்டு, ஒரு இறகின் அடியைத் தேடிப் பிடித்து, ஒரு வெடுக். பிறகு அதை அலகிலேயே கொஞ்ச நேரம் வைத்து மென்றுவிட்டுக் கீழே போடும். பேச்சு நின்றுபோயிருந்தது. கதவு திறந்தாலும் "வாங்க" இல்லை. தனக்குள் ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தது.

வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? முடி உதிராமல் இருக்க என்ன தடவ வேண்டும் என்று ஆளாளுக்கு எண்ணெய் பெயர் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். "கிளிக்கே இந்தக் கதின்னா நம்ம தலை என்ன ஆவும் அண்ணே?" சிரித்தவர்களில் நாலைந்து பேர் அப்புறம் வரவில்லை. ஏதோ தொற்று என்று பேச்சு கிளம்பியிருந்தது. சலூனுக்கு அதைவிடக் கெட்ட பெயர் வேறில்லை.

கிளியைக் குஞ்சாக விற்ற பறவைக் கடைக்காரரும் இவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார். அவர் ஒரு கசப்புத் தைலத்தைக் கொடுத்து இறகின் மேல் அடிக்கச் சொன்னார். இரண்டு நாள் அடித்ததில் மேனேஜர் கண்ணைக் கூண்டுக் கம்பியில் தேய்த்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்து, கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம். அதை மாட்டியதும் கிளி கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தது. ஏறியது, மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை விழுந்ததும் சலூன்காரர் வளையத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்புச் செய்தேன், மறைக்க மாட்டேன். காயத்தின் கட்டைப் பிய்த்துக்கொள்ளும் நோயாளிகளுக்குக் கையில் துணிப்பை கட்டிவிடுவது எங்கள் வழக்கம். அந்த நினைப்பில் ஒரு பழைய காலுறையின் விரல் பகுதியை வெட்டி, இறக்கைக்கு இரண்டு ஓட்டை வைத்து, சட்டை மாதிரி தைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கல்லாய் நின்றது. பிறகு சட்டைக்கு வெளியே இருந்த இறக்கையைப் பிடுங்க ஆரம்பித்தது. அவிழ்த்துவிட்டேன். கைக்குப் பூட்டுப் போட்டால் அரிப்பு நிற்காது என்று நாற்பது வருடத்தில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

கடைசியில் மருத்துவரிடம் போவது என்று முடிவானது. பறவைகளையும் பார்க்கும் கால்நடை மருத்துவர், சின்ன வயதுப் பெண். "டாக்டர் சொல்றது எனக்குப் பிடிபடாது சிஸ்டர்மா. நீங்களும் வாங்க" என்றார் சலூன்காரர். கடையைப் பூட்டி, கூண்டைத் துண்டால் மூடி, வண்டி குலுங்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று துண்டோடு பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மருத்துவர் முதலில் கிளியைத் தொடவே இல்லை. தூரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தபடி கேள்வி கேட்டார். என்ன சாப்பிடுகிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறது, கடையில் என்னென்ன தெளிக்கிறீர்கள். பிறகு ரத்தம் எடுத்தார். பேன் இல்லை, தொற்று இல்லை என்றார். அதன்பின் நெஞ்சு இறகை ஊதி விலக்கி, இறக்கையை விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது அது கடிச்சதில்ல" என்றார். "கடிச்சா முனை கசங்கி இருக்கும். இது நேரா இருக்கு. யார் வெட்டினது?"

சலூன்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "கூண்டுக் கம்பியில உரசி உரசி ஓரமெல்லாம் பிசிறா இருந்துச்சு. கொஞ்சமா... சமமா..."

"நெஞ்சுல?"

"அங்கயும் கொஞ்சம். சிலுப்பிக்கிட்டு நின்னுது."

மருத்துவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அண்ணா, முடின்னா வளர்ந்துக்கிட்டே இருக்கும். இறகு அப்படி இல்ல. முழுசா வளர்ந்ததும் நின்னுடும். வெட்டினா வெட்டினபடியே இருக்கும், அது தானா உதிர்ந்து புதுசு வர்ற வரைக்கும். அதுவரைக்கும் அந்த வெட்டின முனை குத்திக்கிட்டே இருக்கும். சவரம் பண்ணின மறுநாள் தாடை எப்படிக் குத்தும்? அப்படி, உடம்பு பூரா. குத்தறதைப் பிடுங்கிப் போடுது. பிடுங்கிப் பிடுங்கி அதுவே பழக்கமாயிடுச்சு."

முப்பது வருடமாக மற்றவர்களின் தாடையைத் தடவிப் பார்த்து வழவழப்புச் சரிபார்த்த மனிதர். அவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கை தானாகப் போய்த் தன் தாடையைத் தடவியது.

இன்னொன்றும் வெளியே வந்தது. கோடையில் கிளிக்குத் தண்ணீர் பீய்ச்சுவாராம். எந்த பாட்டிலில்? தலைக்குப் பீய்ச்சும் அதே பாட்டிலில். முடி படிய வேண்டும் என்று அதில் இரண்டு சொட்டு வாசனை எண்ணெய் விடுவது அவர் வழக்கம். இறகு பிசுபிசுத்துச் சிலுப்பி நின்றது அதனால். அதைத்தான் கத்தரியால் சமப்படுத்தியிருக்கிறார். அக்கறை இல்லாதவர் வீட்டுக் கிளியாக இருந்தால் இந்தக் கதி வந்தே இருக்காது.

மருந்து என்று மருத்துவர் எழுதியது மிகக் கொஞ்சம். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், தினமும் காலையில், மழைத்தூறல் மாதிரி. சூரியகாந்தி விதையைக் குறைத்துக் காரட், கீரை, வேகவைத்த சோளம். பவுடரும் வாசனைத் தெளிப்பும் கிளி இருக்கும் பக்கம் கூடாது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து இருட்டு, அமைதி, பன்னிரண்டு மணி நேரத் தூக்கம். அலகுக்கு ஏதாவது வேலை. பிடுங்கும்போது கத்தக் கூடாது, ஓடி வரக் கூடாது. கத்தினால் அதுவும் ஒரு கவனிப்பு என்று எடுத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளைத் தொடக் கூடாது, அவையே உதிரட்டும்.

"எவ்வளவு நாளாகும்?"

"அது சொல்றதுதான் கணக்கு. ஆறு மாசம், ஒரு வருஷம்."

ஒரு வருடம் என்ற சொல்தான் வீட்டில் வெடித்தது. அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். பகலெல்லாம் அச்சகத்தில் நின்று தைத்துவிட்டு வருகிறவர். கடையின் துண்டுகளைத் துவைப்பதும் அவர்தான். ஆட்கள் குறைவதைத் துண்டுகளின் எண்ணிக்கையிலேயே பார்த்துவிட்டார். இதற்குள் பறவைக் கடைக்காரர் வேறொரு வழி சொல்லியிருந்தார்: "என்கிட்ட விட்டுடுங்க அண்ணி. அடிக்கட்டை எல்லாத்தையும் ஒரே நாள்ல பிடுங்கி எடுத்துடறேன். ஒன்றரை மாசத்துல புதுசா வந்துடும். கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான். அப்புறம் வேணும்னா வெச்சுக்கோங்க, இல்லன்னா என் கடையிலயே ஜோடி போட்டுடறேன்."

மருத்துவரிடம் கேட்டதற்கு, அப்படிப் பிடுங்கினால் சில குழிகளில் இறகு முளைக்காமலே போகலாம், வலித்த இடத்தைக் கிளி மறுபடி தேடும் என்றார். சலூன்காரர் இதை வீட்டில் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டார்.

"சரிங்க. மூணு மாசம். குளிர் வர்றதுக்குள்ள தோலை மூடற அளவுக்கு ஏதாவது வரணும். வரலைன்னா அவர் வந்து எடுத்துட்டுப் போவார். உடம்புல ஒண்ணுமில்லாம இது குளிர்ல நடுங்கறதை என்னால பாக்க முடியாது."

நாட்காட்டியில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டவர் அந்த அம்மாள்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்ததைப் பார்க்கத்தான் நான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பதை விட்டு வாராவாரம் போனேன். முடி அவ்வளவு வேகமாக வளராது. "அதேதானா?" என்று அவர் கேட்பதும், வெட்ட ஒன்றும் இல்லாத தலையைச் சும்மா சீவிவிடுவதும், காற்றில் நிறைய வெட்டுவதுமாகப் போயிற்று.

பவுடர் டப்பா இழுப்பறைக்குள் போய்விட்டது. பிடரியில் பவுடர் போடாததால் சிலர் முனகினார்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டார். இரண்டாவதாக ஒரு பாட்டில் வந்தது. அதில் வெறும் தண்ணீர். தவறி மாறிவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம். காலையில் கடை திறந்ததும் கிளிக்கு மேலே, நேராக அதன் மேல் இல்லாமல், காற்றில் பீய்ச்சுவார். தூறல் தானாக இறங்கி அதன் மேல் உட்காரும். முதல் வாரம் கிளி ஒதுங்கியது. மூன்றாவது வாரம் இறக்கையைக் கொஞ்சம் தூக்கிக் கக்கத்தைக் காட்டியது.

அலகுக்கு வேலை கண்டுபிடித்ததுதான் அவருடைய சொந்த மூளை. முடி வெட்டுமுன் கழுத்தைச் சுற்றி மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றுவார்களே, அது அவரிடம் சுருள் சுருளாக இருக்கிறது. ஒரு நாள் கிளி நெஞ்சுக்குள் அலகை விட்ட நேரத்தில், அவசரப்படாமல், முகத்தைப் பார்க்காமல், ஒரு புதுப் பட்டையைக் கிழித்து அதன் கால் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். மேனேஜர் காகிதத்தைப் பார்த்தது. நெஞ்சைப் பார்த்தது. காகிதத்தை எடுத்து, நீளவாக்கில், நூல் நூலாகக் கிழித்தது. அதற்கும் பிசிறு ஆகாது போலிருக்கிறது.

அன்றிலிருந்து கடையின் முறையே மாறியது. வருகிறவர் கழுத்துக்கு ஒரு பட்டை, மேனேஜருக்கு ஒரு பட்டை. மறந்துவிட்டால் வாடிக்கையாளரே சொல்வார்: "அண்ணே, மேனேஜருக்கு வெக்கலையே." தபால்காரர் கடிதங்களைக் கட்டிவரும் தடித்த காகிதத்தைச் சேர்த்துக் கொண்டுவந்தார். "ஆபீஸ்ல எனக்குக்கூட இவ்வளவு காகிதம் தர்றதில்ல" என்றார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்கதவு திறக்கும். அந்த அம்மாள் வந்து, கிளியைக் கையில் ஏற்றிக்கொண்டு, துண்டுகள் காயும் உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கூண்டில் விட்டு, திரையை இழுத்துவிட்டு வருவார். போகும்போது முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

இரவு பெருக்கும்போது சலூன்காரர் முடிக்குவியலிலிருந்து இறகுகளைப் பொறுக்கித் தனியாக எடுத்து அடிமுனையைப் பார்ப்பார். சதையோடு வந்திருந்தால் பிடுங்கியது. சுத்தமாக, காய்ந்து வந்திருந்தால் தானாக உதிர்ந்தது. முதல் மாதம் பிடுங்கியவை நாளுக்குப் பதினான்கு, பன்னிரண்டு என்று இருந்தன. இரண்டாவது மாதம் ஏழு. உதிர்ந்தவற்றில் நேராக வெட்டுப்பட்ட ஒரு முனையைக் கண்டால் அதை என்னிடம் எடுத்துக் காட்டுவார். "என்னோடது ஒண்ணு போச்சு, சிஸ்டர்மா."

நெஞ்சிலும் இறக்கையிலும் முளைகள் வந்தன. பேனாவுக்குள் இருக்கும் மைக்குழாய் மாதிரி, மெல்லிய உறைக்குள், கருநீலமாக. உள்ளே ரத்தம் ஓடும். அதைத் தொடக் கூடாது.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய். யாரோ ஒரு புது ஆள் அவசரமாக எங்கோ போக வேண்டும், தலையைக் காயவைத்துக் கொடுங்கள் என்றார். சலூன்காரர் வெகுநாள் தொடாத மின்சாரக் காற்றூதியை எடுத்து ஓட்டினார். மேனேஜர் பயந்து பறக்கப் பார்த்தது. பறக்க இறகு போதவில்லை. கண்ணாடித் தட்டில் இறக்கை அடித்து விழுந்தது. ஒரு முளை ஒடிந்தது.

அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு ரத்தம் இருக்கும் என்று நினைக்க மாட்டீர்கள். வெள்ளைத் துண்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, துண்டால் அதைச் சுற்றிப் பிடித்து, சுத்தமான துணியை மடித்து ஒடிந்த இடத்தில் அழுத்தினேன். ரத்தம் உறையச் சோளமாவு கொண்டுவரச் சொன்னேன். அவர் அசையவில்லை. முப்பது வருடமாக மனிதர்களின் தொண்டையில் கத்தி வைத்தவர், காற்றூதியைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். "தம்பி, சோளமாவு" என்றேன் மறுபடி. போனார். கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் அழுத்தினேன். கிளி என் கட்டைவிரலைக் கடித்தது. கடிக்கிற தெம்பு இருந்தால் பயமில்லை. ரத்தம் நின்றது. மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். சரியாகிவிடும் என்றார்.

ஆனால் வெலவெலத்துப்போன கிளி மறுநாளே பிடுங்க ஆரம்பித்துவிட்டது. ஏழு, பதினொன்று ஆனது.

"போதும்ங்க" என்றார் அந்த அம்மாள். நான் இருக்கும்போதே சொன்னார். குரலில் கோபம் இல்லை. "நாளைக்கே அவர வரச் சொல்லிடறேன். ஒரே நாள் வலி. இது தினம் தினம்."

சலூன்காரர் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீ வட்டம் போட்ட தேதி வரைக்கும்" என்றார். "அதுக்கு மேல ஒரு நாள் கேக்க மாட்டேன்."

காற்றூதி அன்றே தபால்காரர் வீட்டுக்குப் போனது. அவர் தலையில் காயவைக்க ஒன்றும் இல்லை, மகளுக்கு என்று வாங்கிக்கொண்டார். சலூன்காரர் கிளிக்கு முன்னால் நடப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார். துண்டை உதறினால் வெளியே போய் உதறினார். அவர் வேலையே அவருக்கு எதிரி ஆகிவிட்டது மாதிரி, ஒவ்வொரு சாமானையும் எடுக்கும் முன் கிளியைப் பார்த்து, அது பார்த்துவிட்டதா என்று நிச்சயம் செய்துகொண்டு, பிறகுதான் எடுத்தார். பதினொன்று எட்டானது. எட்டு நாலானது. கடைசி வாரம் இரண்டு. ஆனால் மேனேஜருக்குப் பேச்சு மட்டும் வரவில்லை.

வட்டம் போட்ட செவ்வாய்க்கிழமை நான் நாற்காலியில் இருந்தேன். ஐந்தரை மணிக்குப் பறவைக் கடைக்காரர் கையில் ஒரு சின்னக் கூண்டோடு வந்தார். "அண்ணி வரட்டும்" என்று இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அது உஸ்ஸென்று இறங்கியது. அவர் தலைக்குப் பின்னால், கிளையில், மேனேஜர். சலூன்காரர் என் பிடரிக்கு வந்திருந்தார். கத்தரி காற்றில் கிறிச் கிறிச் என்றது.

"குனிங்க" என்றது மேனேஜர்.

நான் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தேன். பறவைக் கடைக்காரர் குனிந்தார். சட்டென்று, முகவாய் நெஞ்சில் படும்படி, நல்ல பிள்ளையாக. அதே நேரம் பின்கதவு திறந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்திருக்கும் மனிதரை அந்த அம்மாள் பார்த்தார்.

"என்னத்தைத் தொலைச்சீங்க?"

"குனியச் சொன்னாங்களே" என்றவர் நிமிர்ந்து, சலூன்காரரைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிறகு மெதுவாகத் திரும்பிக் கிளியைப் பார்த்து அசடு வழிந்தார்.

கண்ணாடியில் சலூன்காரரைப் பார்த்தேன். கத்தரி திறந்தபடி நின்றிருந்தது. அவர் கண் மனைவியின் மேல் இருந்தது.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கிளையருகே போய், மருத்துவர் செய்வது போல, மேனேஜரின் நெஞ்சில் மெல்ல ஊதினார். இறகு விலகினால்தான் அடியில் இருப்பது தெரியும். இடது பக்கம் ஊதினார், வலது பக்கம் ஊதினார். சாம்பல் பஞ்சு அலை மாதிரி விலகி மூடியது. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு மட்டும் தோல் இருந்தது. முன்பு உள்ளங்கை அளவு இருந்த இடம்.

இதை அவர் முதல் தடவை பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் ஆறு மணிக்கு அந்த உள்ளறையில் ஊதிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஆறு மணி ஆச்சு" என்றார். மணி ஐந்து நாற்பது. "மேனேஜர் தூங்கப் போவுது. நீங்க வந்ததுதான் வந்தீங்க, முடியை வெட்டிக்கிட்டுப் போங்க. காதெல்லாம் மூடியிருக்கு."

கிளியைக் கையில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சலூன்காரரின் கத்தரி மூடிக்கொண்டது. அன்று என் பிடரியில் ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. நான் சொல்லவில்லை.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த ரூபாய் அளவு இடத்தில் இறகு முளைக்கவே இல்லை. இனி முளைக்காது என்கிறார் மருத்துவர். மற்றபடி முழுசாக மூடிவிட்டது. இடி இடித்தால், கடையில் கூட்டம் சேர்ந்தால், இன்னும் ஒன்றிரண்டு பிடுங்கும். அவர் அதைப் பொறுக்கி முனையைப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுவார். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கிளி அவர்களிடமும் "வாங்க வாங்க" என்றது. அதற்கு ரோஷம் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை என் தலை முடிந்ததும் புதுக் காகிதப் பட்டை ஒன்றைக் கிழித்து மேனேஜரிடம் கொடுத்தார். வலது இறக்கையில், ஒடிந்த முளை இருந்த இடத்தில், வளர்ந்த இறகு ஒன்று கோணலாக வந்திருக்கிறது. மற்ற இறகுகளோடு படியாமல், ஓரம் கலைந்து, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவர் கண் அங்கே போனது. அங்கேயே நின்றது. கத்தரி பிடித்த கை எழுந்து, மெதுவாக, அந்த இறகை நோக்கிப் போயிற்று. கிளி காகிதத்தைக் கிழிப்பதில் மும்முரமாக இருந்தது. நான் துண்டை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது. காற்றில் இரண்டு வெட்டு வெட்டினார். பிறகு கத்தரியை இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் தள்ளி மூடினார்.